அடையாறும் கோபால்ட் கணக்கும்

தமிழ்நாட்டுல "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க"ன்னு யாராவது சொன்னா, என்ன வியாதின்னு மேல கேட்க வேண்டியதில்லை. ஒரு பேட்டையோட பேரே நோய்க்குப் பேரா ஆகிப்போச்சு. ஆனா அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் எப்படி வந்துச்சு, கதிர்வீச்சு மெஷினை எப்படி நிறுத்தினாங்கங்கறது அவ்வளவா பேசப்படாத கதை.

1923-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை புற்றுநோய்ல இறந்தாங்க. அந்தத் துக்கம் ஆஸ்பத்திரியா மாற முப்பது வருஷம் ஆச்சு. சட்டமன்றம் வரைக்கும் போன அம்மா அவங்க, அவங்களுக்கே அத்தனை வருஷம்! இந்திய மாதர் சங்கம் மூலமா ஊர் ஊரா நன்கொடை திரட்டி, 1952-ல நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல பன்னிரண்டே படுக்கைகளோட ஆரம்பிச்சாங்க. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல சேர்ந்த டாக்டர் சாந்தாவும்தான் தூண்கள்.

இந்த இடத்துல கொஞ்சம் கனடா போயிட்டு வருவோம். 1951 அக்டோபர் கடைசியில லண்டன்லயும் (இங்கிலாந்து இல்லீங்க, ஒன்டாரியோ மாகாணத்து லண்டன்), நவம்பர்ல சாஸ்கடூன்லயும் கோபால்ட்-60 கதிரால சிகிச்சை தொடங்கினாங்க. சாதாரண கோபால்ட்டை அணு உலையில வெச்சு எடுத்தா கதிர்வீசும் கோபால்ட்-60 கிடைக்கும். ரேடியத்தோட ஒப்பிட்டா விலை கொள்ளை மலிவு. ஆழத்துல இருக்கற கட்டியையும் எட்டும். சில வருஷத்துலயே, 1950-களின் பிற்பாதியில, கனடாவோட எல்டொராடோ கருவி அடையாறுக்கு வந்து சேர்ந்துச்சு. ஆசியாவின் முதல் டெலிகோபால்ட் கருவின்னு அந்த ஆஸ்பத்திரி இன்னிக்கும் பெருமையா சொல்லும்.

மெஷின் வந்துட்டா முடிஞ்சுதான்னு கேட்டா, இல்லை. எனக்கு இதுல முக்கியமாப் படறதே மெஷினுக்கு முன்னயும் பின்னயும் வர்ற செலவுதான்.

முன்னாடி, அறை. கதிர் வெளிய கசியாம இருக்க ஒரு மீட்டருக்கும் மேல தடிமனான கான்கிரீட் சுவர் வேணும். கட்டினப்புறம் "கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாமே"ன்னு யோசிக்க முடியாது. 1983-ல அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வந்தப்புறம், அவங்க வரைபடத்துக்கு ஒப்புதல் தராம சுவரே எழுப்பக்கூடாது. இயற்பியலாளர் ஒருத்தரையும் வேலைக்கு வெச்சாகணும்.

பின்னாடி, கோபால்ட். அதோட அரை ஆயுள் சுமார் 5.27 வருஷம். மெஷின் புதுசுல ரெண்டு நிமிஷம் கொடுத்த கதிரை, அஞ்சு வருஷம் கழிச்சுக் கொடுக்க நாலு நிமிஷம் ஆகும். வாசல்ல வரிசை நீளும். அதனால சில வருஷத்துக்கு ஒரு தடவை புது கோபால்ட் வாங்கியே ஆகணும். அதுக்கு யார் பணம் தருவாங்க? ஆஸ்பத்திரித் திறப்பு விழாவுக்கு ரிப்பன் உண்டு, கல்வெட்டு உண்டு. கோபால்ட் மாத்தினதுக்கு யாராவது கல்வெட்டு வெச்சுப் பார்த்திருக்கீங்களா? :-)

லீனியர் ஆக்சிலரேட்டர்ல இந்தத் தேய்மானம் கிடையாது. ஆனா தடையில்லா மின்சாரம், குளிரூட்டல், வருஷா வருஷம் பராமரிப்பு ஒப்பந்தம்னு வேற மாதிரி செலவு. ஒரு நோயாளிக்கு வாரத்துல அஞ்சு நாள் வீதம், பல வாரம் தொடர்ந்து கதிர் கொடுக்கணும். நடுவுல மெஷின் படுத்துட்டா அந்த இடைவெளியில புற்றணுக்கள் திரும்பத் தலைதூக்கும். வெளியூர்லேர்ந்து வர்ற ஏழைக்கு அத்தனை வாரம் தங்க இடமும் திட்டத்துலயே இருக்கணும்.

கனடாவுலேர்ந்து கருவி இறக்கின இதே நாடு, பிற்பாடு பாபா அணு ஆராய்ச்சி மையத்துல பாபாட்ரான்னு சொந்தமா கோபால்ட் கருவி செஞ்சு, வியட்நாமுக்கு ஒண்ணு அன்பளிப்பாவும் கொடுத்துச்சு. சந்தோஷமான விஷயம்.

டாக்டர் சாந்தா 2021-ல மறைஞ்சாங்க. அவங்க தலைமுறை காட்டிக்கொடுத்தது, நல்ல மனசோட கணக்குப் புத்தகமும் வேணும்ங்கறதைத்தான். இனிமே எந்த ஊர்லயாவது புது கதிர்வீச்சுப் பிரிவு திறக்கறாங்கன்னு செய்தி வந்தா, மெஷின் விலையைப் பார்க்காதீங்க. ஆறாவது வருஷத்துக்கு என்ன ஏற்பாடுன்னு கேளுங்க.