பண்டகசாலையும் பசித்த வயிறும்

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபிக்குக் கணக்கு வேண்டியதில்லை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்திற்குப் படி எதற்கு, பூட்டு எதற்கு? மனிதர் நடத்தும் கஞ்சித்தொட்டியோ அள்ள அள்ளக் குறையும். அளக்காவிட்டால் எளியவன் பங்கு வலியவன் கைக்குப் போகும். காக்காவிட்டால் வண்டு தின்னும். ஏதிலியைக் காக்க இரக்கம் வேண்டும். இரக்கம் நிலைக்கக் கணக்கு வேண்டும். இவ்வுண்மையை வடசென்னை மண்ணே நமக்குச் சொல்லும்.

1780இல் ஐதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சீமையிற் புகுந்தது. போர் வயலை அழித்தது. பஞ்சம் ஊரைத் துரத்தியது. துரத்தப்பட்டோர் சென்னை நகரை நாடி ஓடிவந்தனர். அவர்களுக்கென 1782இல் நகர மதிலுக்கு வெளியே, இராயபுரத்தை ஒட்டி, ஒரு கஞ்சித்தொட்டி எழுந்தது. மணியக்காரர் சத்திரம் என்று அதற்குப் பெயர். அங்கே முளைத்த மருத்துவப் பணியின் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் மக்கள் நாவில் நிலைத்தது. கொடி நாட்டிய தளபதிகளை ஊர் மறந்தது. கஞ்சி வார்த்த இடத்தை மறக்கவில்லை!

அடுத்த காட்சி கொடியது. 1876இல் மழை பொய்த்தது. பெல்லாரி, கடப்பை, வட ஆர்க்காடு, சேலம் எனச் சீமை சீமையாகப் பஞ்சம் படர்ந்தது. எலும்பும் தோலுமாய் மக்கள் சென்னைக்கு நடந்தனர். அதே சென்னைக்குக் கப்பல் கப்பலாகத் தானியமும் வந்தது. அன்று முழுமையான துறைமுகம் இல்லை. அலை பிளந்து செல்லும் மசூலா படகுகளே மூட்டைகளைக் கரை சேர்த்தன. கடற்கரையில் மூட்டைகள் மலையாய்க் குவிந்தன. உள்நாட்டுக்கு ஏற்றிச் செல்ல, 1856இலேயே இராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கிய புகைவண்டியும் இருந்தது. தானியம் இருந்தது, வண்டி இருந்தது, வயிறும் இருந்தது. இடையில் நின்றது எது? விலை!

சென்னை அரசு 30,000 டன் தானியத்தை ஒரு வணிக நிறுவனத்தின் வாயிலாக மறைவாக வாங்கி இருப்பு வைக்க முனைந்தது. வைசிராய் லிட்டனின் அரசு சினந்தது. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அவர்கள் வேதம்! சந்தையின் உரிமை காக்கப்பட்டது. சந்தைக்குக் காசின்றி வந்தவன் கைவிடப்பட்டான்.

1877 சனவரியில் ரிச்சர்டு டெம்பிள் வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியம்! சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று வாதாடினார். மே மாதத்தில்தான் அளவு உயர்ந்தது. தராசில் கூட்டிய சில அவுன்சுகளுக்காக எத்தனை உயிர்கள் காத்துக்கிடந்தன! அப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்திற்கும் மேல் என மதிப்பிடுகின்றனர். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அந்நாளில் பசித்தவர் வெட்டியது. ஆளுநரின் பெயர் கால்வாய்க்குக் கிடைத்தது; வெட்டியவன் பெயரை யாரறிவார்?

அப்பேரழிவின் பின்னரே 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. பஞ்ச விதித் தொகுப்புகள் பிறந்தன. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது எழுத்தில் ஏறிற்று. பிச்சையாய் இருந்தது கடமையாகத் தொடங்கிய முதற்படி அது.

மீண்டும் அதே கடற்கரைக்கு ஏதிலியர் வந்தனர். 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாயின; பெரிய நோட்டுகள் செல்லாதனவாயின. தலைமுறை தலைமுறையாய் உழைத்த தமிழர் ஏறத்தாழ வெறுங்கையுடன் கப்பலேறிச் சென்னையில் இறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்கள் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒருவேளைச் சோறு மட்டுமன்று. கூரையும் தொழிலும் வேண்டியிருந்தன. பண்டகசாலைக் கணக்கு அரிசியோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் வாழ்வு காட்டியது.

2004 கடற்கோளின்போது நாகைப் பக்கம் பழந்துணிகள் தெருவோரம் குவிந்து வீணாயின. தேவை கேளாமல் கொடுத்ததன் விளைவு அது. அதனினும் வெட்கக்கேடு, ஒடுக்கப்பட்ட மக்கள் சில இடங்களில் நிவாரண வரிசையிலும் ஒதுக்கப்பட்டது. அலைக்குச் சாதி தெரியவில்லை. அரிசி மூட்டையைப் பிரித்தவனுக்குத் தெரிந்தது!

போர்களின் ஆண்டுகளை மாணவர் மனப்பாடம் செய்யக் கற்பிக்கும் நாம், இந்தப் படிக்கணக்கையும் கற்பிக்க வேண்டும். பண்டகசாலையின் திறவுகோல் யார் கையில்? படி சரியா? வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கு எட்டுமா? இம்மூன்று வினாக்களையும் பெருந்துன்பம் வருமுன் கேட்கும் நாடே நாகரிக நாடு. மழை பொய்ப்பதை நாம் தடுக்க இயலாது. மனிதர் அளக்கும் படி பொய்ப்பதைத் தடுக்க இயலும்.