புளோரிடா மாம்பழங்கள்

அமெரிக்கக் கண்டங்களிலிருந்து பிற நாடுகளுக்குக் கப்பலேறும் மாம்பழங்களில் பெரும்பகுதி ஹேடன், டாமி அட்கின்ஸ், கென்ட், கீட் என்னும் நான்கு இரகங்களைச் சேர்ந்தது. நான்கும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தோன்றியவை. இவற்றின் குடிவழியைத் தேடிச் சென்றால் அது இந்தியத் தோப்புகளில் போய் முடிகிறது.

19ஆம் நூற்றாண்டில் புளோரிடாவில் காய்த்தவை, கியூபா வழியாக வந்த 'டர்ப்பன்டைன்' வகை மரங்கள். அவற்றின் பழம் நார் மிகுந்தது. பிசின் வாடை வீசுவது. நல்ல பழம் வேண்டி, அமெரிக்க வேளாண்மைத் துறை 1889இல் இந்தியாவிலிருந்து 'மல்கோபா' ஒட்டுக்கன்றுகளை வரவழைத்தது. மல்கோவா என்று தமிழர் சொல்லும் பெயர்தான் அங்கே அப்படித் திரிந்தது. 1894–95 குளிர்காலத்தின் கடும் உறைபனிக்குப் பிறகு, எல்பிரிட்ஜ் கேல் என்பவரின் தோட்டத்தில் ஒரே ஒரு மரம் எஞ்சியது. அது மீண்டும் துளிர்த்து 1898இல் பழம் தந்தது.

அந்த மரத்துப் பழங்களின் கொட்டைகளை, கோகனட் குரோவ் என்னும் ஊரில் குடியேறிய படைத்தலைவர் ஜான் ஹேடன் 1902இல் ஊன்றினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்துவிட, அவர் மனைவி புளோரன்ஸ் கன்றுகளை வளர்த்தார். 1910இல் ஒரு மரம் செக்கச் சிவந்த, பெரிய, மணமுள்ள பழங்களைக் காய்த்தது; அதுவே ஹேடன். இந்திய மா இரகங்கள் பெரும்பாலும் ஒற்றைக் கரு உடையவை. அவற்றின் கொட்டையிலிருந்து முளைப்பது தாய் மரத்தின் நகலாக இராமல் புதுக் கலப்பாகவே இருக்கும். ஹேடன், மல்கோபாவுக்கும் டர்ப்பன்டைனுக்கும் பிறந்த கலப்பு என்று பின்னாளில் மரபணு ஆய்வு காட்டியது.

கென்ட், கீட் இரண்டும் புரூக்ஸ் என்ற இரகத்தின் வழி வந்தவை. புரூக்ஸின் தாய் 'சந்தர்ஷா'. இந்தியத் தோட்டக்கலை நூல்களில் இப்பெயர் தோத்தாபுரிக்கு, அதாவது நம் கிளிமூக்கு மாங்காய்க்கு, மறுபெயராக வருகிறது.

டாமி அட்கின்ஸின் கதை வேறு. ஹேடன் வழிக் கன்றான இதை, நாரும் சுவைக் குறைவும் காரணமாக 1950களில் புளோரிடா மாம்பழ மன்றத்தின் இரகத் தேர்வுக் குழு ஏற்க மறுத்தது. குழுவின் நாக்கு தவறவில்லை. ஆனால் தடித்த தோல், முதிருமுன்பே ஏறும் சிவப்பு, ஆந்த்ராக்னோஸ் என்னும் பூசண நோயைத் தாங்கும் திறன், பறித்தபின் பல நாள் கெடாத தன்மை ஆகியவை வணிகர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. உலகெங்கும் கடைகளில் மாம்பழத்தை முதன்முதலாகச் சுவைத்தவர்களுள் பலருக்கு வாய்த்தது இந்தப் பழம்தான் என்பது மாம்பழத்துக்கே ஓர் இழப்பு.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தென்புளோரிடாத் தோப்புகளைச் சாய்த்தது. அதற்கு முன்பே இந்த இரகங்கள் தெற்கே வேரூன்றியிருந்தன. மெக்சிகோவில் டாமி அட்கின்ஸும் கென்டும், பெருவின் பியூரா பகுதியில் கென்டும் விளைகின்றன. பிரேசிலின் சாவோ பிரான்சிஸ்கோ பள்ளத்தாக்கில் நீரை நிறுத்தியும், பாக்லோபியூட்ரசால் மருந்தைக் கொடுத்தும், பருவமல்லாத மாதங்களிலும் மரங்களைப் பூக்க வைக்கிறார்கள். மஞ்சள் நிறமும் மென்மையும் கொண்ட மெக்சிகோவின் அட்டால்ஃபோ புளோரிடாக் குடும்பத்தைச் சேராத முக்கிய ஏற்றுமதிப் பழம்.

இப்பழங்களோடு பழ ஈயும் பயணம் செய்யும் என்பதே இறக்குமதி நாடுகளின் அச்சம். எத்திலீன் டைபுரோமைடு புகையூட்டல் 1980களில் தடைசெய்யப்பட்டபின், முற்றிய காய்களை ஏறத்தாழ 46 பாகை செல்சியசு வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அமிழ்த்தி வைக்கும் முறை வந்தது. டாமி அட்கின்ஸின் தடித்த தோல் இங்கேயும் கைகொடுத்தது. 2007இல் அமெரிக்கச் சந்தை மீண்டும் திறந்தபோது இந்தியப் பழங்கள் 400 கிரே அளவுக் கதிர்வீச்சு பெற்றே சென்றன. உலகில் மிகுதியாக மா விளைவிக்கும் நாடு இந்தியா. ஆயினும் அதன் விளைச்சலில் பழமாகவே வெளிநாடு செல்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.