காதுக்காகப் பிறந்த வால்வு

வால்வு என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரேடியோவைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். டயலுக்குப் பின்னால் வெளிச்சம் வரும், பச்சைக் கண் மெல்ல விழிக்கும், சூடேறிய மரப்பெட்டியின் வாசனை வரும், அதன் பிறகுதான் குரல் வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் ரேடியோவை 'தே.எஸ்.எஃப்.' என்பார்கள். கம்பியில்லாத் தந்தி என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. வால்வை 'லாம்ப்' என்பார்கள். பிரெஞ்சில் விளக்குக்கும் அதே சொல்தான். வால்வு விளக்கிலிருந்து பிறந்தது என்ற வரலாறே அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது.

பிரான்சில் இருக்கும் என் மகன் சென்ற ஆண்டு ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே வால்வு ஹெட்போன் ஆம்பிளிபையர் ஒன்றின் உதிரி பாகங்கள். நாமே பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்து முடித்து, இப்போது தினமும் கேட்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "வால்வு என்றால் பெரிய ஸ்பீக்கர் அல்லவா பொருத்தம்? ஹெட்போன் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சமாசாரம் ஆயிற்றே?"

உண்மை இதற்கு நேர்மாறானது. வால்வு முதலில் பிழைப்பு நடத்தியது காதில் மாட்டும் கருவியோடுதான். ஸ்பீக்கர் பிறகு வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எடிசனின் மின்விளக்கில் ஒரு விநோதம் இருந்தது. சூடான இழையிலிருந்து வெற்றிடத்தின் வழியே, பக்கத்தில் வைத்த தகட்டுக்கு மின்சாரம் தாவியது. 1904-இல் லண்டனில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் அதை ஒரு கருவியாக்கினார். மின்சாரம் ஒரு பக்கமாக மட்டுமே போகும், திரும்பி வராது. அதனால்தான் வால்வு என்று பெயர். 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்து, அதற்கு 'ஆடியான்' என்று பெயரிட்டார். ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சிறிது அசைக்கப் பெரிய பலம் வேண்டாம். ஆனால் அந்தச் சிறு அசைவுக்கு ஏற்பப் பெருவெள்ளம் கூடும், குறையும். அதுபோல வலையில் வரும் சின்னஞ்சிறு மின்அலை, தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தை ஆட்டிவைக்கும். ஒலிபெருக்கம் என்பதன் மர்மம் இவ்வளவுதான்.

ஆனால் அந்த முதல் ஆடியான்கள் நம்ப முடியாதவை. குமிழுக்குள் காற்று மிச்சம் இருந்ததால் ஒன்று வேலை செய்தது போல இன்னொன்று செய்யாது. அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் 1912, 1913 வாக்கில் காற்றை நன்றாக உறிஞ்சி எடுத்து அதை ஒழுங்குபடுத்தினார்கள். எல்லாப் படைகளுக்கும் பொருந்தும்படி ஒரே மாதிரியாக, மலிவாக, ஆயிரக்கணக்கில் வால்வு செய்து காட்டியது பிரான்ஸ்.

அதன் நாயகர் குஸ்தாவ் ஃபெரியே. 1868-இல் பிறந்த ராணுவப் பொறியாளர். ஈஃபெல் கோபுரத்துக்கு இருந்தது 20 ஆண்டு உரிமம்தான். அதன் பிறகு பிரித்துவிடலாம் என்ற பேச்சு இருந்தது. அதன் உச்சியில் கம்பியில்லாத் தந்திக்குக் கம்பி கட்டி, அது நாட்டுக்குத் தேவையான பொருள் என்று நிரூபித்தவர்களில் முதன்மையானவர் இவர்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது இவரிடம் வந்து சேர்ந்தவர் போல் பிஷோன். பல ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓடிப்போய், ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனிக்காக அமெரிக்கா போய், புது ஆடியான்களோடு திரும்பும் வழியில் போர் வந்துவிட்டது. ஜெர்மனிக்குப் போனால் எதிரி நாட்டவர், பிரான்சுக்குப் போனால் ஓடிப்போன சிப்பாய். அவர் பிரான்சுக்கே போனார். பிடித்து வைத்தார்கள். ஆனால் பெட்டியில் இருப்பதன் மதிப்பு ஃபெரியேக்குத் தெரிந்தது. தண்டனை கொடுப்பதை விட்டு அவரைத் தன் பிரிவிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். நான் அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன். விதிப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு இப்படி ஒரு முடிவெடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மாதிரி வால்வுகள் போர்முனைக்குத் தொலைவில் இருந்த லியோன் நகரத்துக்குப் போயின. அங்கே கிராமோன் என்ற மின்விளக்குத் தொழிற்சாலை. பாரிஸ் பேராசிரியர் ஆன்ரி அப்ராம் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். பிறகு பெரி, பிகே என்ற இருவர் வடிவத்தைச் செம்மைப்படுத்தி 1915-இல் காப்புரிமை பெற்றார்கள். நடுவில் நேரான டங்ஸ்டன் இழை, அதைச் சுற்றிச் சுருள் கம்பி, அதைச் சுற்றி உருளைத் தகடு, அடியில் நான்கு கால்கள். ராணுவத் தந்தி என்பதன் பிரெஞ்சு முதலெழுத்துகளால் 'தே.எம்.' என்று பெயர். போர் முடிவதற்குள் லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பிரிட்டிஷ்காரர்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் 'ஆர்' வால்வைச் செய்தார்கள்.

இந்த வால்வுகளைப் போர்க்களத்தில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் நம் கதையின் மையம். பதுங்குகுழிகளுக்கு இடையே தொலைபேசிக்கு ஒற்றைக் கம்பி இழுத்து, திரும்பும் வழிக்கு மண்ணையே பயன்படுத்தினார்கள். பேச்சு மண்ணில் கசிந்தது. எதிரி தன் பக்கத்தில் மண்ணில் இரும்பு முளை அடித்து, அந்தக் கசிவை வால்வால் பெருக்கி, ஹெட்போனில் கேட்டான். பிரெஞ்சுப் படையிடம் இதற்கென்றே மூன்று தே.எம். வால்வுகள் கொண்ட '3 தெர்' என்ற ஆம்பிளிபையர் பெட்டி இருந்தது. அதாவது ஒரு ஹெட்போன் ஆம்பிளிபையர்.

ஜெர்மானியரிடமும் இத்தகைய நிலையங்கள் இருந்தன. 1916 ஜூலை 1 அதிகாலை, சோம் போரில் தாக்குதல் தொடங்கும் முன், லா புவசெல் கிராமத்தருகே இருந்த நிலையம் பிரிட்டிஷ் தொலைபேசிச் செய்தியின் ஒரு துண்டைப் பிடித்தது. தாக்குதல் வருகிறது என்பது அவர்களுக்கு உறுதியாயிற்று. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் இறந்தவர்கள் 19,000-க்கும் மேல். அவ்வளவு சாவுக்கும் அந்தச் செய்தி மட்டுமே காரணம் அல்ல. ஆனால் இருட்டில் ஒருவன் காதைக் கூர்மையாக்கிக் கேட்ட சில சொற்களுக்கு அங்கே அத்தனை கனம் இருந்தது.

இது எங்கோ நடந்த கதை அல்ல. பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் அந்தப் போருக்கு ஆள் போனார்கள். நம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே 1937-இல் கட்டிய நினைவுச்சின்னம் அவர்களுக்காகத்தான். என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு பென்ஷன் வாங்குவார். குண்டு வெடித்ததில் ஒரு காது போய்விட்டது. கேட்கும் காதை ரேடியோ பெட்டியின் துணியில் ஒட்டவைத்துச் செய்தி கேட்பார். போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பேராசிரியர் அப்ராமின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். அவர் யூதர். முதல் போரில் பிரான்சுக்கு வால்வு செய்யத் துணைநின்ற அவரை, இரண்டாம் போரில் 1943-இல் கைது செய்து அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே உயிரிழந்தார். வயது 75. எனக்கு இப்போது அதே வயது.

முதல் போர் முடிந்ததும் வால்வு வீட்டுக்குள் வந்தது. ஆரம்ப ரேடியோக்களையும் ஹெட்போன் மாட்டித்தான் கேட்டார்கள். ஸ்பீக்கர் நன்றாக வந்த பிறகு குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கத் தொடங்கியது. ஹெட்போன் பரணுக்குப் போயிற்று. நம் நாட்டிலும் வால்வு செய்தோம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இல் தொடங்கியது, அதுவும் பிரான்சின் சி.எஸ்.எஃப். கம்பெனியின் கூட்டுறவோடு. 1961-இல் அங்கே ரேடியோ வால்வு உற்பத்தி வந்தது. அடுத்த ஆண்டே அதே நிறுவனம் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகைகளில் இறங்கியது. நம் வால்வு வளர்வதற்குள் அதன் மாற்றும் வந்துவிட்டது.

பாகங்களை வாங்கி நாமே சேர்க்கும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஹீத் என்பவர் விமானத்தையே பாகங்களாக விற்றார். 1931-இல் விமான விபத்தில் இறந்தார். கம்பெனி கைமாறியது. இரண்டாம் போர் முடிந்து மிச்சமான மின்பாகங்கள் மலிவாகக் கிடைத்தபோது, 1947-இல் 'ஹீத்கிட்' வந்தது. அனுபவமில்லாதவரும் ஒவ்வொரு அடியாகப் பின்பற்றும்படி எழுதிய கையேடுதான் அதன் பெருமை. எனக்கு வந்த பெட்டியும் அந்த வம்சம்தான்.

இதில் இரண்டே வால்வுகள். சிறியது ஈ.சி.சி. 82, ஒரே குமிழில் இரண்டு வால்வு, இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று. இது ஒலியைப் பெருக்குகிறது. பருத்தது 6080, ஹெட்போனை அசைக்கும் பலத்தைத் தருகிறது. இது முதலில் மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் வேலைக்காக வந்தது. கடைசியில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. அதனால் 300 ஓம் போன்ற உயர்ந்த மின்தடை கொண்ட ஹெட்போன்தான் இதற்குப் பொருந்தும். வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் குமாஸ்தா புத்தி வேலை செய்தது. ஸ்டாக் ரிஜிஸ்டர் போல ஒரு நோட்டில் எல்லாப் பாகங்களையும் எழுதி, எண்ணிச் சரிபார்த்தேன். ரெசிஸ்டர்களின் வண்ணக் கோடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, மல்டிமீட்டரால் அளந்து, ஒவ்வொன்றையும் சிறு காகிதத்தில் குத்தி வைத்தேன். ஒரு கம்பி பற்றவைத்தால் கையேட்டில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான், அதுவும் காலை வெளிச்சத்தில்.

பற்றவைப்பதில் ஒரே ரகசியம்: சூடாக வேண்டியது இணைப்பு, ஈயம் அல்ல. கம்பியும் முனையும் சூடேறியதும் ஈயத்தை அதில் தொட்டால் தானே பாய்ந்து பளபளவென்று உறையும். மங்கலாக, உருண்டையாக நின்றால் மறுபடி சூடாக்க வேண்டும். கை நடுக்கம் உள்ளவர்கள் மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டால் போதும்.

மின்சாரம் கொடுக்கும் நாளில் மட்டும் தனியாக இருக்காதீர்கள். உள்ளே 150 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் என் அழைப்பை ஏற்று வந்தார். வந்தவுடன் சொன்னது: "சார், இடது கையைப் பின்னாலே கட்டிக்குங்க. அளக்கறதுக்கு ஒரு கை போதும்." இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியே போகும் என்பது அவர்கள் தொழில் பாடம். முதலில் மின்சாரம் இல்லாமல் மின்தடைகளை அளந்தோம். பிறகு சுவிட்சைப் போட்டு, கையேட்டின் அட்டவணையோடு வோல்ட்டுகளை ஒப்பிட்டோம். எல்லாம் பொருந்தின. இழைகள் செந்நிறமாக எரிந்தன.

இதன் இசை டிரான்சிஸ்டரை விடச் சுத்தமா என்றால், கருவி வைத்து அளந்தால் இல்லை. வால்வு தன் பங்குக்குச் சிறிது சேர்க்கிறது. பெரும்பாலும் அது மூல ஸ்வரத்தின் இரு மடங்கு அதிர்வு, அதாவது அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே. மத்திய ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் லேசாகக் கலந்தது போல. காது அதைப் பகையாக நினைப்பதில்லை. என் வயதில் உச்ச ஒலிகள் எப்படியும் காதுக்கு எட்டுவதில்லை. அதை எந்த ஆம்பிளிபையரும் திருப்பித் தராது. ஆனால் தெரு இரைச்சல் விலகி, ஒலியைக் குறைவாக வைத்தே உன்னிப்பாகக் கேட்க முடிகிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுத் தோடியில், ஊசியின் கரகரப்புக்கு அடியில், ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கேட்கிறது. எடித் பியாஃப் 'ர'கரத்தைத் தொண்டையில் உருட்டுவது கேட்கிறது.

வேலை நடந்த நாட்களில் என் மனைவி இதைத் 'தாத்தாவின் விளையாட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை அவளைக் கூப்பிட்டுக் காதில் மாட்டிவிட்டு, அந்தத் தோடியைப் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தனக்குக் கேட்பது போலவே எனக்கும் கேட்கும் என்று நினைத்துச் சத்தமாகச் சொன்னாள்: "என்னங்க, அவர் மூச்சு வாங்கறது கேக்குதுங்க!"

இப்போது இரவு எட்டு முதல் ஒன்பது வரை ஹெட்போன் அவளுக்கு. எனக்கு ஒன்பதுக்கு மேல்தான்.