பிடி அரிசியும் மகமைக் கணக்கும்

எம். புதுப்பட்டியிலிருந்து விருதுநகர் மண்டிக்குக் கணக்கெழுதப் போன காலத்தில் நான் முதலில் பழகியது மகமை வரி எழுதத்தான். வத்தல் மூட்டைக்கு விலை, தரகு, கூலி, சாக்கு எல்லாம் போட்டபின் கடைசியில் மகமை. சில காசுகள்தான். நட்டப்பட்ட நாளிலும் முதலாளி அந்த வரியை அடிக்கச் சொன்னதில்லை.

19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சீமையின் நாடார் வணிகர்கள் மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிப் போனார்கள். வழியெல்லாம் களவு பயம். வண்டியும் மாடும் இராத்தங்க மதில் வைத்துப் பேட்டை கட்டினார்கள். அங்கே சரக்கு வைத்தவர்கள் தந்த காசுதான் மகமை. சிவகாசி, விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என ஆறு ஊர்களிலும் நாடார்களின் ஊர்ச் சபையான உறவின்முறை கூடி அதை நிர்வகித்தது. கிணறும் கோயிலும் அந்தப் பணத்தில் எழுந்தன. கமுதிக் கோயில் நுழைவு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் தோற்ற சமூகம் அது. தங்களுக்கென்று பொதுப்பணம் சேர்க்கும் அவசரம் அவர்களுக்கு இருந்தது.

விருதுப்பட்டியில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி தொடங்கியபோது மகமையோடு பிடி அரிசியும் சேர்ந்தது. வீட்டுப் பெண்கள் உலையில் போட அளந்த அரிசியில் ஒரு கை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். பள்ளிக்காக வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

மகமையைவிடப் பிடி அரிசியையே நான் பெரிதாக மதிக்கிறேன். வியாபாரி மகமையைச் சரக்கு விலையில் ஏற்றிவிடலாம். அரிசியோ அதை அள்ளிவைத்த பெண்ணின் தட்டிலிருந்து போனது. ஆனால் உறவின்முறைக் கூட்டத்தில் ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். கட்டுப்பாட்டை மீறியவரை ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் அந்தக் கூட்டத்துக்கு இருந்தது. அந்தக் கடுமையையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

இன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிகாலையில் பட்டாசு ஆலை வண்டிக்குக் காத்து நிற்கிறார்கள். வெடிவிபத்து நடந்தால் ஊரே பணம் பிரிக்கிறது, மனசோடு பிரிக்கிறது. மகமையோ ஆபத்து வருவதற்கு முன்பே ஒதுக்கிய பணம். பட்டாசுப் பெட்டிக்கு இவ்வளவு என்று விற்பனைப் பட்டியலிலேயே தொழிலாளிக்காக ஒரு வரி எழுதலாம். அந்தப் பணத்தைச் செலவிடும் கூட்டத்தில் வெடிமருந்து செலுத்தும் பெண்களும் சமமாக உட்கார வேண்டும். தெரிந்த முதலாளிகளிடமெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.