ஒலிவக் கனியும் ஆலை உடைமையும்

எண்ணெய் என்னும் தமிழ்ச்சொல் எள்ளின் நெய் எனப் பொருள்படுவது. கிரேக்கரும் உரோமரும் எண்ணெய்க்கு வழங்கிய பெயர்களோ ஒலிவத்தின் பெயரினின்றும் பிறந்தவை; ஆங்கிலத்தின் ‘ஒயில்’ என்பதும் அவ்வழி வந்ததே. இரு மரபினரும் தமக்கு முதன்மையாய் வாய்த்த ஒன்றன் பெயரையே எல்லா எண்ணெய்க்கும் பொதுவாக்கினர். ஆயின், எள் ஒரு வித்து. ஒலிவம் ஒரு கனி. இவ்வேறுபாடு தாவரவியலாருக்கு மட்டும் உரியதன்று. மத்தியதரைக் கடற்புறத்து மக்களின் உழைப்பையும் உடைமையையும் ஆராய்வோரும் அதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒலிவம் கனிதானா என்னும் ஐயம் அதன் கைப்புச் சுவையால் எழுவது. மாங்கனியைப் போலவே அதுவும் உள்ளோட்டுச்சதையம் எனப்படும் கனிவகையைச் சேர்ந்தது. புறத்தே தோல், அடுத்துச் சதை, உள்ளே வன்மையான ஓடு, அதனுள் வித்து என்பதே அதன் அமைப்பு. தேங்காயும் இவ்வகையினதே. எனினும், தேங்காயின் எண்ணெய் வித்தின் பகுதியாகிய பருப்பில் உள்ளது. ஒலிவத்தின் எண்ணெயிற் பெரும்பகுதி சதையிலேயே உள்ளது. வித்தில் அமைந்த எண்ணெய் முளைக்கும் இளஞ்செடிக்கு உணவு. சதையில் அமைந்ததோ பறவைக்கு அளிக்கப்படும் கூலி எனலாம். காட்டொலிவத்தின் கனியை விழுங்கும் பறவைகள் அதன் வித்தைத் தொலைவிற் கொண்டு சேர்க்கின்றன. (ஆங்கிலத்திலே ‘சிலோன் ஒலிவ்’ எனப்படும் நம் நாட்டு வெரளிக்காய் ஒலிவக் குடும்பத்தைச் சார்ந்ததன்று, உருத்திராக்க மரத்தின் இனமாகிய அதனை எண்ணெய்க்காக எவரும் பிழிவதுமில்லை.)

எண்ணெய் சதையில் இருப்பதால் அதனைப் பெறுதல் எளிது. கனியை நசுக்கிப் பிழிந்தால் நீரும் எண்ணெயும் கலந்து வரும். சிறிது நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். கைப்புப் பொருளிற் பெரும்பகுதி நீரோடு நீங்கிவிடும். நெருப்பும் வேண்டுவதில்லை. ஹைபா நகரையடுத்துக் கடலுள் மூழ்கிக் கிடக்கும் கபர் சமீர் என்னும் குடியிருப்பிலே, ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்னர் நசுக்கப்பட்ட ஒலிவக் கொட்டைகள் குழிகளிற் காணப்பட்டுள்ளன. கல்லும் குழியும் கூடையுமே அத்தொழிலுக்குப் போதியனவாயிருந்தன.

இவ்வாறாயின், ஒலிவ எண்ணெய் எவரும் தம் இல்லத்திற் பெறத்தக்க பொருளாக நிலைத்திருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. உலர்ந்த எள்ளை மாதக்கணக்கிற் சேமித்து, வேண்டியபோது செக்கிலிடலாம். நீர்ச்சத்து மிக்க ஒலிவக் கனியைக் குவித்து வைத்தாற் சில நாட்களிலேயே அது புழுங்கிப் புளிக்கும், எண்ணெயும் கெடும். மேலும், ஓராண்டு மிகுதியாய்க் காய்த்த மரம் மறுவாண்டு குறைவாய்க் காய்ப்பது இயல்பு. விளைவு மிக்க ஆண்டில் ஓர் ஊரார் அனைவருக்கும் ஒரே வேளையிற் பிழிபொறி வேண்டியதாகின்றது. எனவே, மரமுடையவனிலும் பொறியுடையவன் வலியவனானான்.

அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலிலே கூறும் தேலிஸ் என்னும் அறிஞரின் கதை இதனை நன்கு விளக்குகின்றது. வரும் பருவத்தில் ஒலிவம் செழிக்கும் என்பதை வானியலறிவால் முன்னுணர்ந்த தேலிஸ், மைலீற்றஸிலும் கியோஸிலும் இருந்த ஆலைகள் அனைத்தையும் மாரிக்காலத்திலேயே சிறு முற்பணம் கொடுத்து அமர்த்திக்கொண்டார். அறுவடை வந்ததும் பலரும் ஒருங்கே ஆலை தேடி ஓடினர். தாம் விரும்பிய விலைக்கு அவற்றை வாடகைக்கு விட்டுத் தேலிஸ் பெரும்பொருள் ஈட்டினார். கதை உண்மையோ புனைவோ, அரிஸ்டோட்டில் அதனை முழுதுரிமை வாணிகத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டமை கவனிக்கத்தக்கது. பிற்காலத்தார் தேலிஸின் மதிநுட்பத்தை வியந்தனர். கனியோடு ஆலை வாயிலில் நின்றவரின் நிலையை எண்ணியவர் அரியர்.

கி.மு. 160 அளவில் வேளாண்மை பற்றி எழுதிய உரோமரான கேட்டோ நிலவுடைமையாளரின் நோக்கிலே இதே நெருக்கடியைக் காண்கிறார். உதிர்ந்த கனி பொறுக்குவதற்கு எளிதாதலாற் கனிகள் உதிர்வதைப் பறிப்போர் விரும்புவர். கிடந்து மென்மையான கனி நசுக்குவதற்கு எளிதாதலால் அது தரையிற் கிடப்பதை ஆலையாளர் விரும்புவர். வைத்திருந்தால் எண்ணெய் பெருகும் என நம்பற்க என அவர் எச்சரிக்கின்றார். 240 யூகெரம் பரப்புள்ள ஒலிவத் தோட்டத்துக்கு 13 பேர் போதுமென அவர் கணக்கிடுகின்றார். அடிமைகளும் சொந்த ஆலையும் உடையவனுக்கு விரைவு இயலும். சிறு விவசாயிக்கு இயலாது.

இந்நிலை நிலமானிய காலத்திற் சட்டத்தின் வலிமையையும் பெற்றது. தென்னித்தாலியின் நேபிள்ஸ் இராச்சியத்திலே, தம் ஆட்சிப் பகுதிக்குள் பிறர் எண்ணெயாலை அமைப்பதைத் தடுக்கும் உரிமை நிலப்பிரபுக்கள் பலருக்கு இருந்தது. குடிகள் தம் கனியைப் பிரபுவின் ஆலைக்கே கொண்டு சென்று முறை வரும்வரை காத்திருந்தனர். குவியல்களிற் கனி புளித்தது. கல்லிப்போலித் துறைமுகத்தினின்றும் வடபுலத்துக்குச் சென்ற எண்ணெயிற் பெரும்பகுதி உணவுக்கன்றி விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் கம்பளித் தொழிலுக்கும் பயன்பட்டது. அவ்வூர் மருத்துவர் ஜியோவன்னி பிரெஸ்டா 1794இல் வெளியிட்ட பெருநூலிலே கனியினின்றும் தரமான எண்ணெய் எடுக்கும் முறையை விரிவாக ஆராய்ந்தார். அறிவு அச்சேறிவிட்டது, ஆயினும் ஆலை பிரபுவிடமே இருந்தது. 1806 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஜோசப் பொனபார்ட்டின் அரசு நிலமானிய முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியபோதே குடியானவன் தான் விரும்பிய ஆலைக்குத் தன் கனியைக் கொண்டு செல்லும் உரிமையைச் சட்டப்படி பெற்றான்.