ஸ்கேட்போர்டு சுழற்சிச் சாதனைகள்

சாய்தளத்திலிருந்து ஸ்கேட்போர்டோடு காற்றில் எழும்பி, உடலைச் சுழற்றி, மீண்டும் பலகைமேல் நின்றே இறங்குவதில் படைக்கப்பட்ட சாதனைகள். சுழன்ற பாகைக் கணக்கே வித்தையின் பெயர்: ஒரு சுற்று 360, ஒன்றரைச் சுற்று 540.

அந்த ஒன்றரைச் சுற்றைத் தலைகீழாகப் புரண்டபடி 1984இல் சுவீடன் கோடை முகாம் ஒன்றில் செய்து காட்டியவர் அமெரிக்கரான மைக் மெக்கில். அது ‘மெக்ட்விஸ்ட்’ என்றே வழங்கலாயிற்று. மறு ஆண்டே சக அமெரிக்க வீரர் டோனி ஹாக் 720ஐ எட்டினார். அதற்குமேல் அரைச் சுற்று கூட்ட அவருக்கு 14 ஆண்டுகள் பிடித்தன.

காரணம் எளிது. தொட்டிபோல் இருபுறமும் வளைந்து செங்குத்தாக நிற்கும் வெர்ட் தளம் சுமார் 4 மீட்டர் உயரந்தான். அதன் விளிம்புக்குமேல் காற்றில் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. அதற்குள் இரண்டரைச் சுற்று முடிந்தாக வேண்டும். 1999 ஜூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் சாகச விளையாட்டுப் போட்டியில் ஹாக் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். போட்டி நேரமே முடிந்துவிட்டது. சக வீரர்கள் ஒதுங்கி நின்று வழிவிட, கடைசியில் நன்றாகக் குந்தியபடி இறங்கி, விழாமல் உருண்டோடினார். அதுவே முதல் 900.

பிறகு தளமே வளர்ந்தது. ஸ்கேட்போர்டு வீரர் டேனி வே புகழ்பெறச் செய்த மெகா ராம்ப் பல மாடி உயரத்திலிருந்து வேகம் தருவது. 2005இல் அத்தகைய தளத்திலிருந்துதான் அவர் சீனப் பெருஞ்சுவரைத் தாண்டினார், அதுவும் முந்தைய நாள் ஒத்திகையில் அடிபட்ட கணுக்காலோடு. வேகம் கூடினால் உயரமும் கூடும். சுழல நேரமும் கிடைக்கும். 2012இல் 12 வயது டாம் ஷார் முதல் 1080ஐயும், 2019இல் மிட்சி புருஸ்கோ முதல் 1260ஐயும் மெகா ராம்பில்தான் சாதித்தனர்.

ஆகவே எண்ணை மட்டும் பார்த்து எடைபோடுவது சரியல்ல. பிரேசிலின் குயி குரி 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, குரிடிபாவில் பாட்டி வீட்டில் இருந்த வெர்ட் தளத்தில் 1080 சுழன்றபோது அவருக்கு வயது 11. மெகா ராம்பின் 1260ஐவிட இதுவே அரியது எனலாம். மறு ஆண்டு எக்ஸ் கேம்ஸிலும் அதைச் செய்தார். அதே போட்டியில் 53 வயது டோனி ஹாக்கும் களமிறங்கியிருந்தார்.

பெண்களில் முதல் 900, ஆஸ்திரேலியாவின் அரிசா ட்ரூ 2024இல் 14 வயதில் செய்தது.