ரசிகர் மீதான வீரர் வன்முறை: ஒழுங்கு நடவடிக்கைகள்

தொழில்முறை விளையாட்டு வீரர் ஒருவர் பார்வையாளரைக் கையாலோ மட்டையாலோ எறிபொருளாலோ தாக்கினால், அவர் மீது இரண்டு வழிகளில் நடவடிக்கை எடுக்க முடியும். அணியோ லீக்கோ சங்கமோ விதிக்கும் தடையும் அபராதமும் ஒரு வழி. நாட்டின் குற்றவியல் சட்டம் மற்றொரு வழி. முதலாவது பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடும். இரண்டாவது மாதக்கணக்கில் நீளும். பல நேரங்களில் தொடங்குவதே இல்லை. ரசிகர் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தாலும் அது அடிப்பதற்கு நியாயமாகாது. ஏசுபவரை வெளியேற்றுவது மைதானக் காவலரின் வேலை.

தொடக்க கால வழக்கு

பழைய வழக்குகளில் விரிவாகப் பதிவானது அமெரிக்க பேஸ்பால் வீரர் டை காப் சம்பந்தப்பட்டது. 1912 மே 15 அன்று நியூயார்க்கின் ஹில்டாப் பார்க் மைதானத்தில், டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்காக ஆடிய காப், தன்னைத் தொடர்ந்து ஏசிய ஒரு ரசிகரை மாடத்துக்குள் ஏறிச் சென்று அடித்து மிதித்தார். அடிபட்டவர் வேலையிடத்து விபத்தில் ஒரு கையை முழுவதும், மறு கையில் மூன்று விரல்களையும் இழந்தவர். அவருக்குக் கைகள் இல்லை என்று சுற்றியிருந்தவர்கள் கத்தியும் காப் நிறுத்தவில்லை. அமெரிக்கன் லீக் தலைவர் பான் ஜான்சன் அன்று மைதானத்திலேயே இருந்தார். காப் காலவரையின்றி இடைநீக்கம் செய்யப்பட்டார்.

அடுத்து நடந்ததுதான் இத்துறையின் போக்கையே காட்டுகிறது. காப் இல்லாமல் ஆட மாட்டோம் என்று சக வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மே 18 அன்று பிலடெல்பியாவில், கிடைத்த உள்ளூர் ஆட்டக்காரர்களைக் கொண்டு களமிறங்கிய டெட்ராய்ட் அணி 24-2 என்று தோற்றது. பிறகு காப்பே கேட்டுக்கொண்டதால் வீரர்கள் திரும்பினர். வேலைநிறுத்தம் செய்த ஒவ்வொருவருக்கும் 100 டாலர் அபராதம். ஊனமுற்ற மனிதரை மிதித்த காப்புக்கு 10 நாள் தடையும் 50 டாலர் அபராதமும். ஆட்டம் நின்றுபோனதற்கான தொகை, மனிதர் அடிபட்டதற்கான தொகையைப்போல் இருமடங்கு.

பட்டாசு எறிந்த வீரர்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து வாசகர்கள் தனியே அறிய வேண்டிய வழக்கு வின்ஸ் கோல்மனுடையது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 1985இல் 110 தளங்களைத் ‘திருடி’ அவ்வாண்டின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானவர் அவர். பின்னர் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு மாறினார். 1993 ஜூலை 24 அன்று லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் மைதானத்தில் ஆட்டம் முடிந்தபின், கார் நிறுத்துமிடத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்த ரசிகர்கள் பக்கமாக, காரிலிருந்தபடி எரியும் வெடி ஒன்றை எறிந்தார். இரண்டு வயதுச் சிறுமிக்குக் கன்னத்தில் தீக்காயமும் கண்ணில் காயமும் ஏற்பட்டன. 11 வயதுச் சிறுவனுக்குக் காலில் அடி. ஒரு பெண்ணின் உட்செவி பாதிக்கப்பட்டது.

அந்த வெடி ‘எம்-100’ ரகம். அதைவிடச் சிறிய ‘எம்-80’ என்பது அமெரிக்க ராணுவம் பயிற்சியில் துப்பாக்கி, குண்டு ஓசையை உண்டாக்கப் பயன்படுத்திய ரகம். அதில் ஏறத்தாழ 3 கிராம் மருந்து இருக்கும். எம்-100இல் ஏறத்தாழ 9 கிராம். இவ்வகைகளைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 1966ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் தடை செய்தது. கடையில் விற்கும் தரைவெடிக்கு அங்கே உச்சவரம்பு 50 மில்லிகிராம். கோல்மன் எறிந்த ரகத்தில் அதைப்போல் சுமார் 180 மடங்கு மருந்து உண்டு.

இந்திய முறை வேறு. இங்கே 1999ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஓசைக்கே வரம்பு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல். சரவெடிக்கு வெடிகளின் எண்ணிக்கைக்கேற்ப அந்த வரம்பும் மாறும். அணுகுண்டும் லட்சுமி வெடியும் இந்த வரம்புக்குள்தான் இருந்தாக வேண்டும். வரம்பு எதுவானாலும் பற்றவைத்தவுடன் விலகி நிற்பதே பட்டாசின் முதல் பாடம். மருந்து உராய்ந்தாலே அறை தரைமட்டமாவதைக் கண்ட ஊர்களில் யாரும் எரியும் வெடியை ஆட்கள் நிற்கும் பக்கம் எறிவதை விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

மெட்ஸ் நிர்வாகம் அவரை விடுப்பில் வைத்தது. இனி இந்த அணிக்கு ஆட மாட்டார் என்று ஆகஸ்டில் அறிவித்தது. 1994 ஜனவரியில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அங்கே அவர் தொடர்ந்து ஆடினார். நீதிமன்றத்தில் பெரிய குற்றச்சாட்டு சிறியதாகக் குறைக்கப்பட, 1993 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுச் சிறை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 200 மணி நேரச் சமூகப்பணி, 1,000 டாலர் அபராதம் ஆகியவை தண்டனை. ஒரு குழந்தையின் கண்ணுக்கு இது மிகக் குறைவு.

கிரிக்கெட்டில்

1980-81 பாகிஸ்தான் தொடரில் முல்தான் டெஸ்டின்போது, பழங்களும் பிற பொருள்களும் தன் மீது எறியப்பட, மேற்கிந்தியப் பந்துவீச்சாளர் சில்வெஸ்டர் கிளார்க், எல்லைக்கோட்டுக்கு வைத்திருந்த செங்கல்லை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசினார். மாணவர் தலைவர் ஒருவருக்குத் தலையில் பட்டு, அறுவை சிகிச்சை வரை போனது. ஆல்வின் காளிச்சரண் மண்டியிட்டுக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். கிளார்க்குக்கு மூன்று ஆட்டத் தடை.

1997 செப்டம்பர் 14 அன்று டொரான்டோவில் இந்தியா-பாகிஸ்தான் சகாரா கோப்பை ஆட்டம். ஒலிபெருக்கியில் தன் உடல் பருமனைக் கேலி செய்த ரசிகரை நோக்கி இன்சமாம்-உல்-ஹக் மாடத்துக்குள் பாய்ந்தார். எல்லைக்கோட்டருகே கொண்டுவரப்பட்ட மட்டையும் அவர் கையில் இருந்தது. அவருக்கு இரண்டு ஒருநாள் ஆட்டத் தடை.

இவற்றோடு ஓர் இந்திய நிகழ்வை வைத்துப் பார்க்கலாம். 1991 ஜனவரியில் ஜாம்ஷெட்பூரில் நடந்த துலீப் கோப்பை இறுதி ஆட்டத்தில் பந்துவீச்சாளர் ரஷீத் படேல் ஸ்டம்பைப் பிடுங்கி எதிரணி மட்டையாளர் ராமன் லம்பாவைத் துரத்தினார். படேலுக்கு 13 மாதத் தடை, லம்பாவுக்கு 10 மாதத் தடை. எதிரே நின்றவர் சக வீரர் என்றால் தண்டனை மாதக்கணக்கில். ரசிகர் என்றால் ஆட்டக்கணக்கில்.

இந்த வழக்கத்தை மீறியது வங்கதேசம். 2017 டிசம்பரில் ராஜ்ஷாகியில் தேசிய லீக் ஆட்டத்தின் நடுவே சிறுவன் ஒருவனை அடித்த சபீர் ரகுமான், வாரியத்தின் ஒப்பந்தத்திலிருந்து நீக்கப்பட்டார். 20 லட்சம் டாக்கா அபராதமும் உள்நாட்டு ஆட்டங்களில் ஆறு மாதத் தடையும் பெற்றார். இன்றைய ஐசிசி நடத்தை விதிகள், பார்வையாளரைத் தாக்குவதைப் பெயர் குறிப்பிட்டே மிகக் கடுமையான நான்காம் நிலைக் குற்றமாக வைத்துள்ளன.

பிற விளையாட்டுகள்

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து வீரர் எரிக் கான்டனா 1995 ஜனவரியில் ரசிகரை உதைத்ததற்கு செப்டம்பர் இறுதி வரை தடை பெற்றார். மேல்முறையீட்டில் இரு வாரச் சிறை 120 மணி நேரச் சமூகப்பணியானது. 2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட் கூடைப்பந்து ஆட்டத்தில் மாடத்துக்குள் ஏறிய வீரர் ரான் ஆர்டெஸ்டுக்கு 86 ஆட்டத் தடை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் தொடர் 2016இல் தொடங்கியது. விருதுநகர் மாவட்ட ரசிகர்கள் அதைப் பார்க்கத் திருநெல்வேலி சங்கர் நகருக்கோ திண்டுக்கல் நத்தத்துக்கோ செல்கிறார்கள். 2022 பருவத்தில், சொந்த வாழ்க்கையைக் குத்திக்காட்டிக் கூச்சலிட்ட ரசிகர்களை நோக்கி, திருச்சி அணியின் முரளி விஜய் விளம்பரப் பலகையைத் தாண்டிச் சென்றதும் அங்கு நேர்ந்த தள்ளுமுள்ளும் காணொளியாகப் பரவின.

மைதானத்தில் அடிபட்ட ரசிகர் சங்கத்தின் விசாரணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 115(2), வேண்டுமென்றே காயப்படுத்தியவருக்கு ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. வெடிபொருளாலோ ஆபத்தான ஆயுதத்தாலோ காயப்படுத்தினால், பிரிவு 118(1)இன்படி சிறை மூன்றாண்டு வரை போகலாம். அடித்தவர் எந்த அணியின் சட்டை அணிந்திருந்தார் என்பது இவ்விரு பிரிவுகளுக்கும் பொருட்டல்ல.